முற்றுகையில் கொழுத்த குழந்தைகள்

அந்தி மயங்கிச் செவ்வாற்றின் நீர்ப்பரப்பில் முழுமதி தன் பொற்சரிகையை விரிக்கத் தொடங்கிய வேளையில், மாதக்கணக்கில் முற்றுகைப்பட்டுக் கிடந்த கருங்குன்றக் கோட்டையின் நீர்வாயிலில் பகைவரின் தூதோடம் வந்து அணைந்தது. முற்றத்தில் இளவரசி வெண்கோதை நின்றாள். அவளுக்குப் பின்னே, மாலை சூட்டப்பெற்ற குழந்தைகள் நிறுத்தப்பட்டிருந்தனர். கோட்டையில் தானியம் குறையவில்லை என்று தூதன் நம்பிவிட்டால், மழைக்கு முன் பகைவர் பாளையத்தைக் கலைத்துக்கொண்டு போய்விடுவர். நம்பாவிட்டால், நாளையே மதில் ஏறுவர்.

"பார்த்தீரா, தூதரே!" என்று உரக்க நகைத்தார் கோட்டைத் தலைவர் கச்சிராயர். "எங்கள் பிள்ளைகளைத் தூக்கினால் உம் இடுப்பு ஒடிந்துவிடும்! உங்கள் பாளையத்தில் சோறு பற்றாவிட்டால் வெட்கப்படாமல் கேட்டனுப்பும்!"

தூதன் நகைக்கவில்லை. செம்பட்டையாய் முடி வெளிறிய ஒரு சிறுமியின்முன் மண்டியிட்டு, அவள் கணைக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். விரல் விலகிய பின்னும், ஈரக்களிமண்ணில் பதிந்த சுவடுபோல் பள்ளம் அப்படியே நின்றது.

"தேவியுடன் தனியே பேசவேண்டும்" என்றான். கச்சிராயர் குழந்தைகளை முற்றத்தின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றார்.

இளவரசியின் கண்களில் இருள் கவிந்தது. சில வாரங்களாகவே அந்தி சாய்ந்ததும் வெண்கோதைக்கு உலகம் கரிய திரையாகிவிடும். உறக்கமின்மை என்றெண்ணி எவரிடமும் சொல்லாதிருந்தாள். குரல் கேட்ட திசை நோக்கி நிமிர்ந்து, "எங்கள் களஞ்சியங்கள் நிறைந்திருக்கின்றன. உம் அரசரிடம் போய்ச் சொல்லும்" என்றாள்.

"தேவி, நான் இங்கே நிற்கிறேன்."

குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசகர்களே, பகைவரின் போர்முரசுக்கு நடுங்காத அந்நங்கை அம்மென்குரலுக்கு நடுங்கினாள்.

"இது மாலைக்கண். கீரையும் நெய்யும் மறந்த உடலில் அந்திக்குப் பின் கண் இருண்டுவிடும். அக்குழந்தைகளிடம் இருப்பதும் சதை அன்று. பசியில் கோத்த நீர். என் தங்கையும் சாகும்போது அப்படித்தான் கொழுத்திருந்தாள். தேறிவிட்டாள் என்று அரண்மனையே மகிழ்ந்தது. அன்று எங்கள் கோட்டையை வளைத்திருந்தவர் தங்கள் தந்தை."

"நீர் யார்?" அவள் கை குறுவாளைப் பற்றியது.

"தங்கள் பகைவரின் மகன், இளவெயினன். பழிதீர்க்கவே வேடமிட்டு வந்தேன். அச்சிறுமியைத் தொட்டதும் அவ்வெண்ணம் அகன்றது. என்னைப் பிணையாக வைத்துக்கொண்டு குழந்தைகளை என் ஓடத்தில் ஏற்றுங்கள். எங்கள் மருத்துவர் முதலில் கஞ்சித்தெளிவை மிடறு மிடறாகக் கொடுப்பார். வயிறு முட்டச் சோறிட்டால் உயிர் போய்விடும்."

வெண்கோதை செவிசாய்த்தாள். முற்றத்தில் அத்தனை குழந்தைகள் இருந்தும் ஒரு சிரிப்பில்லை, ஒரு சிணுங்கலில்லை. இந்த மௌனத்தையா அவள் இத்தனை நாளும் அடக்கம் என்று மெச்சினாள்?

"கச்சிராயரே! குழந்தைகளை ஓடத்தில் ஏற்றும்!"

உறையோடு ஒரு வாள் அவள் கைகளில் வைக்கப்பட்டது. "கடைசிக் குழந்தை பிழைத்தெழும்வரை இக்கோட்டையை விட்டு அகலேன், தாங்கள் உண்பதையன்றி வேறெதுவும் உண்ணேன். இது என் தங்கைமேல் ஆணை!"

காணமுடியாத அந்த முகத்தை நோக்கி அவள் முதன்முறையாக உண்மை பேசினாள்:

"இங்கே புளியங்கொட்டைக் கூழ்தான், இளவரசே. இன்று அதுவும் இல்லை."