கீழ்வளைவிலிருந்து வந்த மீன்

தூண்டிலில் சிக்கிய சால்மன் துள்ளவில்லை. எயிலிஃபுக்கு முதலில் உறுத்தியது அதுதான். இருபத்தாறு கோடைகளாக ஸ்கார்வ் ஆற்றில் மீன் பிடிக்கிறான். முள் ஏறியதும் நீரைக் கிழித்துக்கொண்டு எகிறாத சால்மனை அவன் கண்டதில்லை. இதுவோ கனமாக, அவசரமே இல்லாமல், ஓட்டத்தை எதிர்த்து ஆற்றின் அடியில் அவனை நோக்கி வந்தது. நடந்து வருவதுபோல.

மதியம் இரண்டு மணிக்கே கடலிலிருந்து ஏறிய மூடுபனி இரு கரைகளையும் விழுங்கிவிட்டிருந்தது. ரப்பர் உடையைத் தாண்டி எலும்பில் இறங்கும் குளிரும், ஊறிய பாசியின் வாடையும், காலடியில் கூழாங்கற்கள் உருளும் ஓசையும் தவிர, இடுப்பளவு நீரில் நின்றவனைச் சுற்றி வேறெதுவும் இல்லை.

கூட வந்த அஸ்லாக் ஆறு திரும்பும் கீழ்வளைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். நீ பிடிக்கிற மீன் என் பூனைக்குக்கூடப் பத்தாது என்று காபி குடிக்கும்போது கிண்டலடித்துவிட்டுத்தான் போனான். அரை மணி நேரமாக அவன் சத்தமே இல்லை.

மீனை அள்ளும் கைவலையை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி எயிலிஃப் கத்தினான். பதில் அவன் முதுகுக்குப் பின்னால், வெகு அருகில் கேட்டது.

"வந்துட்டேன்டா. விட்டுடாத, இழு."

கீழே நின்றவன் எப்படிப் பின்னால் வந்தான்? தண்ணீர் சலசலக்கவே இல்லையே. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பிடரியில் ஐஸை வைத்ததுபோல் இருந்தது. ரீலைச் சுற்றிக்கொண்டே, உன் மகள் ட்ரோம்சோ நகரத்திலிருந்து எப்போது வருகிறாள் என்று கேட்டான். அவள் பேச்சை எடுத்தால் போதும், அஸ்லாக் பத்து நிமிடம் நிறுத்த மாட்டான்.

"இழு," என்றது அஸ்லாக்கின் குரல். "பெரிய மீனு."

பேச்சில் மூச்சில்லை. வெறும் குரல்.

தூண்டில் நூலை அறுத்துவிடலாம் என்று நினைத்தான். கைகள் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தன. பத்து முழம். ஐந்து. நீருக்கடியில் ஏதோ வெளிறிப் புரண்டது. செதில் இல்லை.

ஒரு கை.

பிறகு தோள். பிறகு முகம்.

முள் கீழுதட்டில் ஏறியிருந்தது. அஸ்லாக்.

நீருக்குள் அந்தக் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, பின்னால் நின்றதைப் பார்த்தன.

கைவலையின் ஈர வளையம் மெதுவாக அவன் தலைக்கு மேல் இறங்கியது.