மூச்சு நின்ற உலை!

போன் அலறியது.

ஆய்வுக்கூடத்தில் தராசின் மேல் குனிந்திருந்த கெமிஸ்ட் துள்ளி எழுந்து எடுத்தாள்.

"ஹலோ...?"

"கொலை!" மேனேஜரின் குரல் நடுங்கியது. "பட்டப்பகல்ல கொலை! மூச்சு நின்னு போச்சும்மா... உடம்பு இன்னும் சூடாவே இருக்கு!"

"ஐயையோ! யாரு சார்?"

"நம்ம உலை!"

அவளுக்குப் போன உயிர் பாதிதான் திரும்பியது. நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் உலை அது. எந்தக் கரி அதற்குள் போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறவளே அவள்தான்!

ஓடினாள்.

உலையடியில் மேனேஜர் தலையில் கைவைத்து நின்றார். பக்கத்தில், சட்டைப் பொத்தான்களைச் சோதிக்கும் தொப்பையோடு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"சதி சார்!" மேனேஜர் குதித்தார். "சாம்பல் பொலபொலன்னு கீழ உதிரணும். இங்க பாருங்க... உருகி, பாறையா இறுகிக் கிடக்கு! காத்து போக வழியில்ல. கேஸ் எப்படி வரும்?"

"சாம்பல்கூட உருகுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உருகும் சார்," என்றாள் கெமிஸ்ட். "எவ்வளவு சூட்டுலங்கறதுதான் விஷயம். கரி எவ்வளவு நல்லா எரிஞ்சாலும், சாம்பல் சீக்கிரம் உருகினா இந்த உலைக்கு அது எமன். இந்த லோடு கரி தாங்கும்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்..."

"ஓஹோ... நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க!" இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்!

"சாயங்காலத்துக்குள்ள ஆள் சிக்கலேன்னா... உன் வேலை காலி!" என்றார் மேனேஜர்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

யார்டில் கிடந்த அந்த லோடின் குவியலில் பத்து இடத்திலிருந்து கரி அள்ளினாள். சோதனைக்கென்று முன்பே அவளுக்கு வந்த மாதிரிக் கரியில் மீந்ததையும் எடுத்தாள். இரண்டையும் எரித்து, சாம்பலைச் சின்னக் கூம்புகளாகப் பிடித்து, சோதனைச் சூளையில் வைத்தாள்.

மூன்று மணி நேரம்.

மாதிரியின் கூம்பு நிமிர்ந்து நின்றது. குவியலின் கூம்போ... உருகிக் குப்புற விழுந்து கிடந்தது!

"ஒரே லோடு சார்! ஆனா எனக்கு வந்த மாதிரி மட்டும் வேற. யாரோ கை வெச்சிருக்காங்க!"

"மாதிரி கொண்டு வந்தது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"யார்டு மேஸ்திரி..."

"எந்த ஊர் கேடி அவன்?"

"என் மாமனார் சார்."

யார்டு கொட்டகையில் மேஸ்திரி ஒரு டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். இன்ஸ்பெக்டர் பாய்ந்து பிடுங்கினார். திறந்தார்.

தகதகவென்று மஞ்சள்!

"தங்கம்!" மேனேஜரின் வாய் மூடவில்லை.

"திருடல சார்!" மேஸ்திரி உடைந்தார். "மாதிரிக்குக் கரி உடைக்கிறப்ப உள்ள மின்னுச்சு. ஒண்ணு விடாம பொறுக்கிட்டு மிச்சத்தைத்தான் மாதிரி வாளியில போட்டேன். என் மருமக வெறுங்கையோட வேலைக்குப் போகுதே... ஒரு ஜோடி வளையலாவது..."

கெமிஸ்டுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனிதரை எப்படித் திட்டுவது?

"மாமா... இது தங்கம் இல்ல. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு. சாம்பலைச் சீக்கிரம் உருக்கறதே இதுதான். நான் கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் நீங்க பொறுக்கி டப்பாவுல போட்டுட்டீங்க!"

"அப்போ சதி...?" மேனேஜர் முழித்தார்.

"பாசம் சார்!"

மேஸ்திரியின் முகம் தொங்கிப் போனது.

"அப்போ... இதுல வளையல் செஞ்சா இரும்பு வளையல்தானா அம்மாடி?"

இன்ஸ்பெக்டர் இடுப்பைத் தடவினார்.

"கவலைப்படாதீங்க பெரியவரே... அது என்கிட்ட ஒரு ஜோடி ரெடியாவே இருக்கு. ஆனா அளவு உங்க கைக்குத்தான் சரியா வரும்!"