உச்சிப்புளி தாண்டியதும்

உச்சிப்புளி கடைத்தெருவைத் தாண்டியதும் ஹெலன் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி பாயவில்லை. பேச வாயெடுத்தவன் முதல் எழுத்திலேயே திக்கி நிற்பதுபோல ஒரு கணம் நின்றது. இரண்டு முறை குலுங்கியது. பிறகு நடந்து போகிறவன் வேகத்தில் ஊர்ந்தது. இடப்பக்கத்து உடைமரங்களும், அவற்றின் கீழே வெளிறிக் கிடந்த மணலும், காய்ந்த கருவாட்டு வாடையும் சன்னலை உரசிக்கொண்டு மெல்ல, மிக மெல்ல நகர்ந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மரங்கள் முடிந்ததும் வண்டி தானாகச் சரியாகி, மண்டபத்தில் வீடு சேரும்வரை வழுக்கிக்கொண்டு ஓடியது.

தொண்ணூற்றாறாம் வருஷத்து கார்புரேட்டர் வண்டி அது. அவளுடைய அப்பா விட்டுப்போனது. மண்டபத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஹசன் அலி, துபாயில் பதினைந்து வருஷம் இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். பெட்ரோலில் தூசி இருக்கும் என்று முதலில் ஃபில்டரை மாற்றினார். மறுநாளும் அதே இடத்தில் திக்கியது. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தார். மிதித்தவுடன் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சின்னப் பம்பின் ரப்பர் கிழிந்திருக்கலாம் என்று அதையும் புதிதாகப் போட்டார். எங்காவது காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு ரப்பர் குழாயாகத் தடவிப் பார்த்தார். பிளக்குகளையும் மாற்றினார். பாம்பன் வரைக்கும் அவர் ஓட்டிப் பார்த்தபோது வண்டியில் ஒரு குறையும் இல்லை.

"நீங்க மிதிச்சாத்தான் இது மக்கர் பண்ணுது சிஸ்டர்" என்று அவர் சிரித்தார். ஹெலனுக்குக் காது மடல்கள் சுட்டன. அவர் எதையோ தெரிந்துகொண்டுதான் சொல்கிறார் என்று நினைத்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன், அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போக, ராமநாதபுரத்தில் நர்ஸ் வேலை முடிந்த கையோடு ஆஸ்பத்திரியிலேயே உடை மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாள். புதுப் பட்டுச் சேலை. அரக்கு நிறம். அந்த உடைமரங்களுக்கு அடியில் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவன். தலையைத் தூக்கி அவள் வண்டியைப் பார்த்தான். நெற்றியிலிருந்து ரத்தம். அவன் வாய் அசைந்ததை அவள் பார்த்தாள். வேகத்தைக் குறைக்கவும் செய்தாள். குறைத்த அந்த நொடியில் அவளுக்கு நினைவு வந்தது சேலை. ரத்தம் பட்டால் போகாதே என்ற ஒரே நினைப்பு. குடிகாரனாக இருக்கும், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓங்கி மிதித்தாள். அன்றைக்கு வண்டி திக்கவேயில்லை.

மறுநாள் காலை அவன் பிணவறையில் இருந்தான். மூன்று மணி நேரமாவது மூச்சு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவன் மனைவி ஜெப்சி, கைக்குழந்தையோடு நின்றவள், வராந்தாவில் ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் கெடந்தாரா சிஸ்டர்?"

"இல்லம்மா. உசுரு உடனே போயிருச்சு."

அந்தப் பெண் அதற்காக அவளுக்கு நன்றி சொன்னாள். தன் கையை உருவிக்கொள்ளக்கூட ஹெலனுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில், அந்த இடத்திலேயே வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஹசன் அலி சொன்னார். ஒரு சாயங்காலம் உச்சிப்புளியில் காத்திருந்து, பைக்கில் அவள் பின்னாலேயே வந்தார். வண்டி திக்கியதும் ஓரங்கட்டச் சொன்னார். சரியாக அந்த மரங்களுக்குக் கீழே.

"இங்கனதான் அந்தப் பையன் கெடந்தான்னு சொன்னாங்க. ஒரு வண்டிகூட நிக்கலியாம்."

ஹெலன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. அதற்குள் அவர் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டார். கண்ணாடி முழுக்கத் தகரம். முன்னால் எதுவும் தெரியவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, தான் சொல்லும்போது மட்டும் மிதிக்கச் சொன்னார். மிதிங்க என்றார், மிதித்தாள். விடுங்க என்றார், விட்டாள். சூடான பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. கடற்காற்று உடைமர முட்களுக்குள் புகுந்து சீறியது. அவர் இன்னும் ஏதோ சொன்னது இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஜின் உறுமியது. அடங்கியது. மறுபடி உறுமியது.

"மிதிக்காதீங்க சிஸ்டர்" என்று ஹசன் அலியின் குரல் கேட்டது. "ஸ்குரூடிரைவர் எடுக்கப் போறேன்னு சொன்னேன்ல."

குரல் பின்னாலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். ரியர்வியூ கண்ணாடியில் ஹசன் அலி. இருபதடி தள்ளி, பைக் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். சாலையில் வேறு ஆள் இல்லை.

அவள் மிதிக்கவில்லை. கால் எப்போதோ பெடலை விட்டு விலகியிருந்தது.

குனிந்து பார்த்தாள். பெடல் கீழே போனது. யாரும் தொடாமல். மறுமுனையில், பானட்டுக்கு அந்தப் பக்கம், கேபிளை ஒரு கை பிடித்து இழுப்பதுபோல. இன்ஜின் நீளமாக ஏறியது. பெடல் மேலே வந்தது. நின்றது.

இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுபடி கீழே. ஆழமாக. மேலே. நிறுத்தம்.

அவளுக்கு அது தெரியும். வார்டில் எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது. ஒரு இழுப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு இழுப்பு. கடைசி மணி நேரத்து மூச்சு.

கை தானாகவே மணிக்கட்டுக் கடிகாரத்துக்குப் போனது. இடைவெளியை எண்ணத் தொடங்கினாள். பத்து. பதினைந்து. இருபது.

பெடல் இறங்கியது.