இருபத்தேழாவது மீட்டர்

நேற்று பூட்டும்போது கல்லில் மூன்று கோடுகள்தான் இருந்தன. இன்று மதியம் பெட்டியைத் திறந்தால் நான்கு.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். நான்கேதான். கல் அறுக்கும் இயந்திரத்தின் ஈர வாடை, ஏசியின் முனகல், ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல். பயப்பட அந்த ஆய்வகத்தில் என்ன இருக்கிறது? விண்கல் விழுந்த பள்ளங்களின் பாறைகளோடு பதினெட்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் அவள். கல்லில் கோடு தானாக விழாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பத்து மாதம் முன்பு அப்படியொரு பள்ளத்தில்தான் ஆய்வுச் சுரங்கம் சரிந்து, அவள் கணவன் உள்ளே மாட்டிக்கொண்டான். இடிபாட்டை அகற்றிக்கொண்டே போன மீட்பு மேஸ்திரி, இருபத்தேழாவது மீட்டரில் பெயர்த்த இந்தக் கல்லை அவளிடம் நீட்டினார்.

"மேடம், உள்பக்கம் பாருங்க. ஆள் கீறின மாதிரி இல்ல?"

விசிறியாக விரிந்த மூன்று கோடுகள். விண்கல் மோதிய அதிர்ச்சியில் பாறையில் விழும் கோடுகளும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். மாணவர்களுக்கு எத்தனை முறை காட்டியிருப்பாள்!

"இல்லைங்க, இது கோடிக்கணக்கான வருஷத்துக் கோடு. இதுக்குப் பின்னாடி முழுப் பாறைதான். உயிரோட யாரும் இருக்க வழியில்ல."

படித்தவள், அதுவும் பெண்டாட்டி, அவளே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது நான்காவது கோட்டிலிருந்து துளி தூள் சுரண்டி, வேதிச் சோதனைக்குக் கொடுத்தாள். விண்கல்லின் நிக்கல் வந்துவிட்டால் போதும், நிம்மதியாக மூச்சு விடலாம். சோதனை இயந்திரத்தை இயக்கும் பையன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னக்கா, நிக்கலையே காணோம்! கார்பன், நைட்ரஜன், கந்தகம்னு நகத்துல இருக்கிறதுதான் வருது. நகத்தால சுரண்டினீங்களா?"

அவள் கையுறையைக் கழற்றவே இல்லை.

அவன் போனதும் கல்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். நான்காவது கோடு ஒற்றைக் கோடு இல்லை. ஒட்டி ஒட்டி ஓடும் இரண்டு.

கணவனுடைய கட்டைவிரல் நகம் சுத்தியல் பட்டு நடுவில் பிளந்தது, கடைசிவரை சேரவில்லை. வருஷத்துக்கு ஒரு போர்வை அதில் மாட்டிக் கிழியும். திட்டினால், "உன்னை விடாம பிடிச்சுக்கக் கொக்கிடி" என்பான். ஐயோ, என் ராசா. நீ அங்கேதான் இருந்தாயா? நான் பேசியதெல்லாம் உன் காதில் விழுந்ததா?

போன் அடித்தது. மாமியார். தினமும் நாலு மணிக்கு இதே கேள்வி.

"சாப்பிட்டியாம்மா?... அவன் கஷ்டப்படாமத்தானே போனான்?"

வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

மேஜையில் சத்தம்.

கர்ர்ர்.

திரும்பினாள். கல்லின் மேல் வெள்ளைத் தூள். ஐந்தாவது கோடு. பாதிவரை.

"சொல்லும்மா... உடனே போயிட்டான்தானே?"

கோடு நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல.

"ஆமா அத்தை," என்றாள். "உடனே போயிட்டாரு."

கர்ர். கர்ர். கர்ர். வேகமாக. இன்னும் வேகமாக. கல் முழுக்க.