மாப்ளயின் கூண்டு

பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பரப்பியிருந்த மணல் காய்ந்து சூடேறிக் கிடந்தது. மாப்ள அங்கே இல்லை. கூண்டின் மறுகோடியில், வெளிச்சம் எட்டாத மூலையில், இடப்பக்கப் பலகையோடு ஒட்டிப் படுத்திருந்தது.

ஜெயக்கொடி முருங்கைக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். கார்த்திகை மாதத்து அடைமழை. மூன்று நாளாக ஒத்தக்கடைப் பக்கம் வெயில் தலைகாட்டவில்லை. சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் விறைத்தது, சுவரில் ஈரம் ஏறி வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாடை அடித்தது. இந்தக் குளிரில் சூட்டை விட்டு விலகிப் போகிற பிராணி இல்லை அது.

மாப்ள ஓர் இகுவானா. பச்சை உடம்பு, முதுகில் முள் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், வாலோடு சேர்த்து அளந்தால் மூன்று முழம். ஜெயக்கொடியின் புருசன் நல்லகாமனிடம், கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகன் ஏதோ ஒரு தூரதேசத்துத் துறைமுகத்தில் வாங்கி வந்து விட்டுவிட்டுப் போனது. தெருவே அதை உடும்பு என்றது. "உடும்பில்லய்யா, எல தின்னுற சாது" என்று நல்லகாமன் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து விளக்குவார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டியிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் பாதி 'காப்பி' என்பதாக இருக்கும். பிள்ளை குட்டி இல்லாத அந்த மனிதர் இந்தப் பிராணியிடம் மட்டும் ஓயாமல் பேசினார். மாப்ள சாப்ட்டியா, மாப்ள குளுருதா.

மதியம் அவர் பாயில் படுத்தால் அது நெஞ்சின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவருக்கு இழுப்பு நோய். மூச்சு உள்ளே போகும், நடுவில் நிற்கும், பிறகு விசிலடித்துக்கொண்டு வெளியே வரும். அதோடு சேர்ந்து மாப்ளயும் ஏறும், நிற்கும், இறங்கும். அவர் ஜெயக்கொடி பக்கம் திரும்பிப் படுத்தால், அது சரிந்து, பனியனை நகங்களால் பற்றிக்கொண்டு தொங்கும்.

இந்தக் கூண்டைச் செய்துகொண்டிருந்த மதியத்தில்தான் அவர் செத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், காளவாசலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி தவசி வந்து, பாதியில் நின்ற கூண்டை முடித்துக் கொடுத்தான். மருமகன் கப்பலிலிருந்து எழுதிய கடிதம் இருந்தது. அதன்படி ஒரு கோடியில் அறுபது வாட்ஸ் பல்பு, மறுகோடி குளிர்ச்சிக்கு. ஏறி உட்கார முருங்கைக் கிளை, படுத்து நனைய ஒரு தட்டில் தண்ணீர், முன்பக்கம் கோழிவலை, கதவுக்கு வெளிக்கொக்கி.

"அக்கா, சுத்தியல எங்க?"

அவள் அடுப்படிக்குள் போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

"அடுப்படில எதுக்கு இது கெடக்கு?"

"கருப்பட்டி ஒடைக்க" என்றாள்.

தவசி பல்பைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். "இனி நம்ம ஒண்ணும் பாக்க வேணாம்க்கா. சூடு எங்க இருக்கோ அங்க அதுவா போய் படுத்துக்கிரும். நீ ஒத்தையில இங்க என்னத்துக்கு? வெள்ளிக்கெழம வண்டி கொண்டு வாரேன், கூண்டோட ஏத்திக்கிட்டு நம்ம வீட்டுக்குப் போயிருவோம்."

அது திங்கட்கிழமை. இன்று செவ்வாய். ஜெயக்கொடி கொக்கியை எடுத்து, கீரையைப் போட்டுவிட்டு, மாப்ள ஒட்டியிருந்த பலகையைத் தொட்டாள். சுட்டது. காய்ச்சல்காரன் முதுகைத் தொட்டதுபோல இருந்தது. அந்தப் பலகையில் முதுகு சாய்ந்து கிடந்த நிலையில்தான் அவரை அவள் கண்டாள். வாய் திறந்திருந்தது, விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

அப்போதும் அவள் அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதும் கண் காய்ந்தே இருந்தது. அதிர்ச்சியில் உறைந்துபோனாள் என்று ஊர் பேசிக்கொண்டது. உள்ளுக்குள் தேடிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த பானைபோல. இப்போதும் பலகையிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, சோறு வடிக்கப் போனாள்.

இரவுகளில் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் துணைக்கு வந்து படுத்தாள். இரவில் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் மதியத்தில்தான்.

புதன்கிழமை மதியம் கொக்கி கழன்றிருந்தது. வெளியே இருக்கிற கொக்கி. மாப்ள கூண்டில் இல்லை. கூடத்தில் கிடந்த அவருடைய பிரம்பு நாற்காலியில், இருக்கையின் நடுவில் படுத்துக் கண்ணை மூடியிருந்தது. தூக்கிவந்து கூண்டில் விட்டாள். திரும்பிப் போய் நாற்காலியில் உள்ளங்கையை வைத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். சூடு ஆறவில்லை.

அங்கிருந்து பார்த்தால் அடுப்படி நேரே தெரிந்தது.

கூண்டிலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து அடுத்தது எது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அன்றைக்கு நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரிடமும் சொன்னது இதுதான்: "தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஆணி அடிக்கிறார்னு நெனச்சேன்." எல்லோரும் நம்பினார்கள். கூண்டு செய்கிற வீட்டில் தட்டுகிற சத்தம் கேட்கத்தானே செய்யும்.

அவர்தான் காப்பி கேட்டார். கருப்பட்டி கட்டியாக இருந்தது. கூடத்துக்கு வந்து, அவர் கீழே வைத்திருந்த சுத்தியலை எடுத்துப் போனாள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பலகையில் தட்டும் சத்தம் வந்தது. சுத்தியல் அவள் கையில் இருந்தது. ஆணி அடிக்க அவரிடம் ஒன்றுமில்லை. அது அவளுக்குத் தெரியும். முதல் தட்டிலேயே தெரியும்.

இருபத்தாறு வருசமாக அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் எழுந்து போனவள். கோபம்கூட இல்லை. எழுந்திருக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு தட்டுத் தட்டட்டும், போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள். தட்டினார். இன்னொன்று தட்டட்டும் என்றிருந்தாள். அதையும் தட்டினார். அப்படி எத்தனையோ. பிறகு தட்டவில்லை. அவள் மிச்சக் கருப்பட்டியையும் உடைத்து முடித்தாள்.

வியாழக்கிழமை காலையில் கொக்கியைக் கட்டுக்கம்பியால் சுற்றி, குறடு வைத்து முறுக்கினாள். நாளைக்கு வெள்ளி. ஒரே ஒரு பகல். அதைத் தாண்டிவிட்டால் தம்பி வண்டியோடு வந்துவிடுவான். அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. சுத்தியல் யாரிடம் இருந்தது என்பது மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

மதியம் சோறு வடிக்க அடுப்படிக்குப் போனாள். மாப்ள அங்கே இருந்தது.

நிலைப்படியைத் தாண்டி, அவள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில். சுத்தியலின் கைப்பிடிமேல் தாடையை வைத்துக்கொண்டு. அலமாரியின் மேல்தட்டில், அரிசிச் சாக்குக்குப் பின்னால் அவளே ஒளித்து வைத்த சுத்தியல்.

தொட்டாள். கைப்பிடி முழுக்கச் சூடு. நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பிடிக்கிற இடத்தில் கூடுதலாக.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. மாப்ளயைக் கூண்டில் போட்டு மறுபடியும் கம்பியை முறுக்கினாள். சுத்தியலைக் கொல்லைச் சாக்கடையில் எறிந்தாள். ஒச்சம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள், பூட்டிக் கிடந்தது. சந்தைக்குப் போனவள் மூன்று மணிக்குத்தான் வருவாள் என்றார்கள்.

வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். தெரு தெரிந்தது. மேலூர் பஸ் போகிற சத்தம் கேட்டது. கதவோரமாகப் பாயை விரித்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். இது போதும், ஆள் நடமாட்டம் இருக்கிறது. மழை வலுத்தது. நடமாட்டம் குறைந்தது. மூன்று ராத்திரியாகச் சரியாகத் தூங்காத உடம்பு. எப்போது சாய்ந்தாள் என்று தெரியவில்லை.

விழித்தபோது மழை விட்டிருந்தது. கரண்டு போயிருந்தது. கூண்டுக்குள் பல்பு அணைந்து கிடந்தது. கூண்டுக் கதவு திறந்திருந்தது. முறுக்கிய கம்பி நிமிர்ந்து, நேராக, தரையில்.

வாசல் கதவு சாத்தியிருந்தது.

வலது கையில் கதகதப்பு. தோளிலிருந்து முழங்கை வரை. பிறகு இடுப்போரம்.

தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள்.

மாப்ள பக்கத்தில் படுத்திருந்தது. பாயில் இல்லை. பாய்க்கு ஒரு சாண் மேலே. வயிறு எதன்மேலோ அமுங்கித் தட்டையாகியிருந்தது. நான்கு கால்களும் இரண்டு பக்கமும் தொங்கின. அதற்குக் கீழே பாயின் கோரை வரிகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

ஏறியது. நின்றது. இறங்கியது.

சத்தம் இல்லை. அந்த விசில் இல்லை. கொல்லையில் ஓடு சொட்டுகிற சத்தம் மட்டும்.

ஏறியது. நின்றது. இறங்கியது.

ஜெயக்கொடி உதட்டை நனைத்துக்கொண்டாள். இருபது நாளுக்கும் சேர்த்து ஒரே சொல்தான் வந்தது.

"கேட்டுச்சு."

ஏறியது. நின்றது.

இறங்கவில்லை.

பிறகு மாப்ள மெல்லச் சரியத் தொடங்கியது. அவள் பக்கமாக. நகங்கள் விரிந்து, அங்கே இல்லாத பனியனைப் பற்றிக்கொண்டன.