மோதியும் தெறியும்

காலை ஆறு மணிக்கு 'வைகை' விண்கப்பலின் குடியிருப்போர் சங்கம் எலக்ட்ரான்களை வழியனுப்பும். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஒலிக்கும். வீட்டுக்கொருவர் சன்னலருகே வந்து, கப்பலின் வால்பக்கம் பார்த்துக் கையசைப்பார்கள். பிறகு பல் துலக்கப் போவார்கள்.

எஞ்சின் எளிமையானது. உலோக முனையிலிருந்து பாயும் ஓர் எலக்ட்ரான் கிரிப்டான் வாயுவின் அணுவில் மோதும். அணுவிலிருந்து இன்னொரு எலக்ட்ரான் தெறிக்கும். முதலாவதை மோதி என்றும் இரண்டாவதைத் தெறி என்றும் கப்பலில் சொன்னார்கள். ஒன்றை இழந்த அணு அயனியாகிப் பின்னால் பீய்ச்சப்படும். அந்த வேகத்தில் கப்பல் முன்னால் போகும். ஒவ்வோர் அயனிக்குப் பின்னாலும் ஓர் எலக்ட்ரானையும் வெளியே அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் கப்பலில் மின்னேற்றம் சேர்ந்து, போன அயனிகளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடியும் பயனில்லை.

இரண்டில் எதை அனுப்புவது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. சங்கச் செயலாளர் தாண்டவமூர்த்தி ஒரு கூட்டத்தில் கேட்டார்.

"அவன் வெளியிலேர்ந்து வந்து இடிக்கிறான். தெறிக்கிறது நம்ம கிரிப்டான்ல பொறந்த புள்ள. கடைசியில கப்பலை விட்டுப் போறது யாரு? நம்ம புள்ள!"

அவர் கப்பலில் பிறந்தவர். கப்பலில் பிறந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். பூமியில் பிறந்து கப்பலேறிய பாக்கியம் டீச்சர் எழுந்தார்.

"அந்த உலோக முனை பூமியிலேர்ந்து வந்தது, மூர்த்தி. நாங்க கொண்டுவந்தது. மோதி இல்லேன்னா உன் தெறி ஏது? மோதியில ஒண்ணைக்கூட வெளிய விட மாட்டோம்."

முடிவு தெரியும்வரை எஞ்சினை நிறுத்தி வைக்கத் தீர்மானம் ஆனது. அதற்கு மட்டும் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

எஞ்சின் பொறியாளர் மரகதவல்லிக்கு ஒன்பதாம் மாதம். கப்பல் போய்ச் சேர வேண்டிய இடம் சனியின் நிலவான டைட்டன். அங்கே துறைமுகத்திலேயே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. கப்பலில் இருந்தது ஒரு பல் மருத்துவ ரோபோ. நாளைக்குள் எஞ்சினை எதிர்த்திசையில் ஓட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்காவிட்டால் கப்பல் டைட்டனைத் தாண்டிப் போய்விடும். திரும்ப வழியில்லை.

அவள் கப்பலின் மூளையான சுக்கானைக் கூட்டத்தில் பேச வைத்தாள்.

"மோதலுக்கு அப்புறம் ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது," என்றது சுக்கான். "பேர் கிடையாது, மச்சம் கிடையாது. எது எதுன்னு இயற்கைக்கே தெரியாது."

"அதனாலதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும்," என்றார் தாண்டவமூர்த்தி. டீச்சர் தலையாட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மரகதவல்லி செயலாளரைத் தனியே பார்த்தாள்.

"சார், வடிகட்டி மாட்டிட்டேன். இனிமே மோதி மட்டுந்தான் வெளிய போகும்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"சொல்லுவேனா சார்?"

பிறகு டீச்சரிடம் போய், தெறி மட்டும்தான் போகும் என்றாள். "நல்லா இரும்மா. சாப்பிட்டியா?" என்றார் டீச்சர்.

எஞ்சின் ஓடியது. இரு தரப்பும் சன்னலில் நின்று, எதிர்த் தரப்பின் எலக்ட்ரான்கள் வெளியேறுவதைப் பார்த்துக் கையசைத்தன. எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாது என்பது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

சில வாரங்களில் கப்பல் டைட்டனைச் சேர்ந்தது. அன்றே மரகதவல்லிக்கு வலி கண்டது. கதவு திறந்தது. இணைப்புப் பாலத்தின் மறுமுனையில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ் கைகாட்டிக் கூப்பிட்டாள். யாரும் இறங்கவில்லை.

"மொதல்ல இறங்க வேண்டியது பயணத்தை ஆரம்பிச்சவங்க," என்றார் டீச்சர்.

"கப்பல் எங்க ஊரு. எங்க வாசல்ல எங்களுக்குத்தான் மொதல் மரியாதை," என்றார் தாண்டவமூர்த்தி.

"யோவ், வழிய விடுங்கய்யா!" என்று கத்தினாள் மரகதவல்லி.

"நீ எங்க பொறந்தவ மரகதம்? அதச் சொல்லு, வரிசையில விட்டுடறோம்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் முட்டித் தள்ளி வாசல்வரைதான் வர முடிந்தது. சுக்கான் பல் மருத்துவ ரோபோவை அனுப்பியது. வாசற்படியிலேயே பெண் குழந்தை பிறந்தது. அழுதது.

தாண்டவமூர்த்தி குனிந்தார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை அவரும் மறுமுனையை இவரும் பிடித்தார்கள். கப்பல் முடிந்து டைட்டன் தொடங்கும் கோடு படியின் நடுவில் மஞ்சளாகப் போட்டிருந்தது.

"புள்ளையக் கொஞ்சம் நகத்தும்மா," என்றார் டீச்சர். "கோட்டை மறைக்குது."