நாற்பத்தொரு மீட்டருக்குக் கீழே

வேலையில் சேர்ந்த முதல் நாள், நிலவியல் ஆய்வகம் எங்கே என்று சிவில் துறை அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "பின்னாடி போங்க மேடம். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டினா தாழ்வா ஒரு ரூம் வரும்" என்றார். நாலு படி இறங்க வேண்டும். மழைக்காலம் என்பதால் படியெல்லாம் பாசி. கதவைத் திறந்ததும் ஈர மரமும் அமிலமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. விளக்கைப் போட்டேன். மூன்று நீள மேசைகள், வெள்ளைப் பெயின்டில் எண் எழுதிய கனிமத் துண்டுகள், மாணவர்கள் சுட்டுவிடக் கூடாதென்று நூலில் கட்டிப்போட்ட லென்ஸுகள். பின்சுவரை ஒட்டி, வரிசையாகப் பன்னிரண்டு மரப்பெட்டிகள்.

சிவில் மாணவர்களுக்கு நிலவியல் சொல்லித் தருவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அவர்களுக்குக் கல் என்றால் ஜல்லி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. குவார்ட்ஸைக் கையில் கொடுத்து இது என்னவென்று கேட்டால், விடை பக்கத்துப் பையன் நெற்றியில் எழுதியிருப்பதுபோல அவனையே பார்ப்பார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதல் வாரமே 'கருங்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல கல்தான்.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகள் மட்டும் எனக்கு வெறும் பாடமில்லை. என் கணவர் சுரங்கப்பாதை வேலையில் சைட் இன்ஜினியர். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் அந்த மலையின் மேலிருந்து துளை போட்டு, உருளை உருளையாக எடுத்த கற்கள்தான் பெட்டிகளில் இருந்தன. சுரங்கப்பாதைக்கு அனுமதி வாங்கிய பிறகு, பிள்ளைகள் பழகட்டும் என்று வேலையை எடுத்த நிறுவனம் எங்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் அவர் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அவர் உள்ளே நிற்கும் மலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்கு ஒரு ஆறுதலாகவே இருந்தது.

மூன்றாவது வாரம் பெட்டிகளைத் திறந்து பாடம் எடுத்தேன். மலையில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் துண்டுகளை அடுக்கி, இடையிடையே மரக்கட்டை வைத்து ஆழத்தை எழுதியிருப்பார்கள். சில ஆழத்தில் கல்லே வராது. நொறுங்கிய பாறையும் களிமண்ணும் துளைக்கு ஊற்றும் தண்ணீரோடு கரைந்து போய்விடும். அந்த இடத்தைப் பெட்டியில் காலியாகவே விட்டு, எத்தனை நீளம் வரவில்லை என்று எழுத வேண்டும்.

"வராத கல்லை எதுக்கு மேடம் எழுதணும்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அங்கதான்ப்பா மலை பொத்தலா இருக்கு. கல்லு அதுபாட்டுக்கு நிக்கும். காலியா இருக்கிற இடம்தான் ஆளைக் கொல்லும்" என்றேன். நன்றாகச் சொன்னோம் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அவர்கள் பன்னிரண்டு பெட்டிகளையும் அளந்தார்கள். காலி இடம் எதிலும் இல்லை. பெட்டிகளோடு வந்த அறிக்கைத் தாளிலும் முழுக்கக் கிடைத்தது என்றே எழுதி ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பதாம் பெட்டி திறந்து கிடந்தது. நாற்பத்தொன்று முதல் நாற்பத்திரண்டு மீட்டர் வரையிலான வரிசையில் இருந்த நாலு துண்டுகளையும் யாரோ வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். நாலும் ஈரமாக இருந்தன. பெட்டியில் அந்த ஒரு மீட்டர் காலி.

மாணவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். துண்டுகளைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தேன். அன்று மாலை நானே பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாளும் அதே நாலு துண்டுகள், அதே மேசையில், ஈரத்தோடு. ஆய்வக அட்டெண்டரைக் கூப்பிட்டேன். எப்போதும் கையில் அமிலக் குப்பியோடு திரிவதால் அவருக்கு 'ஆசிட்' என்று பெயர்.

"மேடம், அந்தப் பெட்டியத் தூக்கினா எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும். நான் அது பக்கமே போறதில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு முன்னாடி இருந்த சாரும் இதைத்தான் கேட்டாரு. அப்புறம் கேக்கறதை விட்டுட்டாரு. தினமும் கல்லைத் திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சுட்டுப் போயிடுவாரு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்றாவது நாள், புதன்கிழமை, மறுபடியும் நாலு துண்டுகளையும் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் போன் செய்தார்.

"எங்க மலைப் பெட்டி உன்கிட்டதான இருக்கு? நாற்பத்தொண்ணுக்குக் கீழ எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாரேன். நாங்க இப்ப அந்த மட்டத்துக்கு வந்துட்டோம். குடையற முகப்புல லேசா தண்ணி கசியுது."

"ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?"

"முழுக் கல்லுன்னு போட்டிருக்கு. எனக்குத்தான் மனசு கேக்கல. முன்னாடி துளை போட்டுப் பாக்கலாம்னா, ரெண்டு நாள் வேலை நிக்கும்னு மேல இருக்கவர் குதிக்கிறாரு. நாளைக்கு நாலு மணிக்கு அடுத்த வெடி."

கடைசித் துண்டு என் கையில் இருந்தது. அதை உள்ளே வைத்தேன். வரிசை நிறைந்தது.

"முழுசா இருக்குங்க. ஒரு விரல் நுழையற இடம்கூட இல்ல."

"அப்பாடா" என்றார். அந்த மூச்சு எனக்குப் போனில் கேட்டது. "நீ சொன்னா சரிதான்."

வியாழக்கிழமை மழை கொட்டியது. மூன்று மணிக்கே ஆய்வகத்துக்குள் இருட்டிவிட்டது. மாணவர்கள் போய்விட்டார்கள். அட்டெண்டர் டீ குடிக்கப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரமும் போயிற்று. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். வாளிக்குள் கையை விட்டு எடுப்பதுபோல.

பிறகு பிரஷ்ஷால் கல்லைத் தேய்க்கும் சத்தம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். உலர்ந்த கல் எதையும் காட்டாது. நனைத்துத் தேய்த்தால்தான் அதன் வரிகள் வெளியே வரும். அவசரமில்லாமல், வேலை தெரிந்த கை தேய்த்துக்கொண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைக்க ஆசைப்பட்டேன்.

எலி கல்லைக் கழுவாது.

திரும்பினேன். ஒன்பதாம் பெட்டியின் மூடி திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு பெட்டியிலிருந்து மேலே எழுந்தது. இரண்டு கைகளில் ஏந்தி வந்தால் எப்படி வருமோ அப்படி வந்து, மேசைமேல் சத்தமில்லாமல் இறங்கியது. அதன் ஈரப் பரப்பில் களிமண் விரல்தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன.

ஐந்து விரல்.

அடுத்த துண்டு. அதற்கடுத்தது.

கதவுக்கு ஓட வேண்டுமென்றால் அந்த மேசையைத் தாண்ட வேண்டும்.

"யாரு?" என்றேன்.

ஈரக் களிமண் வாடை என் தோளருகே வந்து நின்றது.

"பொருத்திப் பாருங்க."

ஆணின் குரல். மிரட்டும் குரலில்லை. களைத்துப்போன, நாலு பேரிடம் சொல்லியும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளாததை ஐந்தாவது ஆளிடம் சொல்கிற குரல்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஒரு துண்டை எடுத்து, வரிசையில் அதற்கு மேலே இருக்க வேண்டிய துண்டோடு முனைக்கு முனை சேர்த்தேன். ஒரே கல்லிலிருந்து உடைந்தவை என்றால் உடைந்த தட்டின் ஓடுகள்போலக் கச்சிதமாகக் கவ்வும். இது கவ்வவில்லை. திருப்பினேன், அப்போதும் இல்லை. அந்தப் பெட்டியின் மற்ற கற்களில் வரிகள் செங்குத்தாக ஓடின. இந்த நாலில் மட்டும் படுத்துக் கிடந்தன. இவை அந்த ஆழத்துக் கற்களே அல்ல. வேறு எங்கிருந்தோ நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து வந்து காலி இடத்தை அடைத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மூன்று நாளாக என் கண்ணெதிரே எடுத்துக் காட்டியதை, மூன்று நாளும் நானே திரும்ப மறைத்து வைத்திருக்கிறேன்.

நாற்பத்தொரு மீட்டருக்குக் கீழே ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாறையே இல்லை. அதன் முகப்பில் என் கணவர் நிற்கிறார்.

அந்த நொடியே போனை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. படித்த படிப்பு விடவில்லை. அளவுநாடாவை எடுத்தேன். நாலு துண்டுகளின் நீளத்தையும் எழுதினேன். வரிகளின் சாய்வை அளந்தேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று மறுபடியும் அளந்தேன். பயத்திலும் கை நடுங்காமல் அளக்கிறோமே என்று ஒரு பெருமைகூட வந்தது, வெட்கக்கேடு.

"போதும்" என்றது குரல்.

இன்னொரு கோணம் பாக்கியிருந்தது.

"போதும்மா. சொல்லுங்க."

போனை எடுத்தபோது மூன்று ஐம்பது. பத்து நிமிடம் அளந்திருக்கிறேன்.

கணவரின் எண் கிடைக்கவில்லை. சைட் ஆபீஸில் ஒருவர் எடுத்தார். "எல்லாரும் உள்ள இருக்காங்கம்மா. வெடிக்கு மருந்து வெச்சுட்டு இருக்காங்க. முடிஞ்சதும் கூப்பிடச் சொல்றேன்."

"இப்பவே வெளிய வரச் சொல்லுங்க. முன்னாடி கல்லு இல்ல. ரிப்போர்ட் பொய். அவர் பொண்டாட்டி சொன்னேன்னு சொல்லுங்க, போதும்."

அவர் ஏனென்று கேட்கவில்லை. அதற்காக அந்த மனிதரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். போன் மேசையில் விழுந்த சத்தமும் அவர் ஓடும் சத்தமும் கேட்டன.

வெடி வெடிப்பதற்கு முன்பே முகப்பு தானாக உடைந்தது. தண்ணீரும் சேறும் ஆளுயரத்துக்கு மேல் வந்ததாம். உள்ளே இருந்த பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் வெளியே வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தது என் கணவர். அவருக்கு இருபதடி பின்னால் பம்ப் ஓட்டுகிறவர் வந்துகொண்டிருந்தார்.

அவர் வரவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்தார். தூங்காமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "நீ சொன்னதாலதான் நாங்க உயிரோட இருக்கோம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை சொன்னதை அவர் யாரிடமும் பேசுவதில்லை. இருபதடி தூரம் நடக்க எத்தனை நொடி ஆகும் என்று நான் அடிக்கடி கணக்குப் போடுகிறேன். பத்து நிமிடத்தில் எத்தனை இருபதடி என்றும்.

விசாரணைக்காகப் பன்னிரண்டு பெட்டிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரிக்காரர் சொன்னதை அட்டெண்டர் வந்து சொன்னார். "அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவரு, காலி இடத்தை அடைக்க மாட்டேன்னு ரொம்ப நாள் மல்லுக்கு நின்னாராம் மேடம். அப்புறம் என்னாச்சோ, அவரே அடைச்சுக் கொடுத்துட்டாராம். அந்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டாராம்." எப்படிச் செத்தார் என்று நான் கேட்கவில்லை. பின்சுவரைக் கழுவிவிடச் சொன்னேன். ஆய்வகத்தில் இப்போது உருளைக்கல் ஒன்றுகூட இல்லை.

இது நடந்து இரண்டு மாதம். இன்று பிற்பகல், வகுப்பு முடிந்து நோட்டுகளை எடுக்கத் திரும்பி வந்தேன். நடு மேசையில் மூன்று உருளைக்கற்கள் இருந்தன. நான் பார்த்தே இராத கற்கள். மூன்றும் ஈரமாக இருந்தன. பக்கத்தில் ஒரு மரக்கட்டை. அதில் பழைய பெயின்டில் எழுதியிருந்தது: 'பெண்கள் விடுதி, அடித்தளம், நான்காம் துளை.'

எங்கள் கல்லூரி விடுதிதான். இவையும் காலி இடத்தை அடைத்த கற்கள். ஆறு மாடி. மணி நாலே கால், பிள்ளைகள் வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பார்கள்.

அளவுநாடா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. மழையில் ஓடினேன். விடுதி வாசலில் இருந்த ஆபத்து மணியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து மணியை அடித்தேன்.

இருநூறு பெண்கள் துண்டும் போனுமாக வெளியே வந்து நனைந்துகொண்டு நின்றார்கள். கட்டடம் அசையாமல் நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. முதல்வர் குடையோடு வந்தார்.

"எங்க மேடம் தீ?"

"தீ இல்ல சார். அடியில கல்லு இல்ல."

"யார் சொன்னா?"

நான் வாசல்படியில் ஏறி நின்றேன்.

"உங்க வீட்ல நடந்தது எனக்குத் தெரியும். மனசு சரியில்லாம இருக்கும், புரியுது. பிள்ளைங்க நனையறாங்க. வழிய விடுங்க" என்று படியேறினார். அவருக்குப் பின்னால் பிள்ளைகளும் நகர்ந்தார்கள்.

நான் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றேன். "துளை போட்டுப் பாத்துட்டு வாங்க சார். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, எனக்குப் பின்னால் கூடத்துத் தரைக்குப் போனது. ஆளில்லாத கூடம். நானும் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைத் தரையில் களிமண் கால்தடங்கள். மாடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து வாசலை நோக்கி வந்தன. என் பக்கத்தில் வந்ததும், வெளியே பார்த்தபடி, இரண்டு பாதமும் சேர்ந்து நின்றன.

முதல்வர் ஒரு படி கீழே இறங்கினார்.